டாரட் எண் கணக்கு உதைக்கிறதா? எங்கே பார்ப்பது, எதை விட்டுவிடுவது

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து டாரட், அதாவது படச் சீட்டு எடுத்துப் பலன் வாசிப்பது, பழகுகிறோம். மற்ற ஆறு நாளும் வாட்ஸ்ஆப்பில் கார்டு போட்டோ வந்து விழும், கீழே "அக்கா, கணக்கு சரியா வரல" என்று ஒரு வரி. கார்டில் உள்ள எண்ணைப் பார்த்து, கூட்டி, அதற்குப் பொருள் சொல்வதுதான் அந்தக் கணக்கு. திரும்பத் திரும்ப அதே ஐந்தாறு கோளாறுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டித் தட்டி விரல் தேய்ந்துவிட்டது, அதனால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேராக அங்கே போங்கள்.

நான் சொல்வதெல்லாம் 1909-இல் லண்டனில் வெளிவந்த ரைடர்-வெயிட் கட்டை வைத்து. வெயிட் திட்டம் போட, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். கார்டு எதிர்காலத்தைக் காட்டும் என்று நான் நம்புகிறவள் இல்லை, ஒரு விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து பார்க்க வைக்கும், அவ்வளவுதான். நம்புகிறவர்களுக்கும் கீழே உள்ளது பொருந்தும், ஏனென்றால் கோளாறு கணக்கில் இருக்கிறது, நம்பிக்கையில் இல்லை.

அறிகுறி: புத்தகத்தில் ஒரு எண், கையில் இருக்கும் கார்டில் வேறு எண்

*கார்டு தலைகீழாக விழுந்திருக்கிறதா?* முதலில் இதைப் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை. கட்டில் எண்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். ஹெர்மிட் கார்டின் உச்சியில் இருக்கும் 9-ஐ அப்படியே கவிழ்த்தால் அச்சு அசலாக 11. 'ஐ'யும் 'எக்ஸு'ம் கவிழ்ந்தாலும் உருவம் மாறாது, வரிசை மட்டும் மாறும், அதனால் கண்ணுக்குச் சந்தேகமே வராது. 4-க்கும் 6-க்கும் இதே ஆபத்து உண்டு, ஆனால் அங்கே 'வி' கூடாரம் போல நிற்பதால் பிடித்துவிடலாம். மேஜர் கார்டு (பெயரோடு வரும் 22 பெரிய கார்டுகள்) என்றால் பெயர் கவிழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மைனர் என்பது மற்ற 56, வாண்ட்ஸ் (கம்பு), கப்ஸ் (கோப்பை), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டகிள்ஸ் (நாணயம்) என்று நான்கு வகை. அதன் எண் கார்டுகளில் பெயர் அச்சாகியிருக்காது, ஆனால் மைனரில் 11 என்று ஒரு கார்டே கிடையாது, ஆக 11 தெரிந்தால் அது 9. எங்கள் குழுவில் ஒருவர் மூன்று வாரம் ஹெர்மிட்டை ஜஸ்டிஸ் கணக்கில் கூட்டிக்கொண்டிருந்தார், படத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நோட்டில் எழுதிய பழக்கம்.

*தகராறு 8-க்கும் 11-க்குமா?* அப்படியானால் உங்கள் மேல் தப்பில்லை. பழைய மார்சேய் கட்டில் ஜஸ்டிஸ் 8, ஸ்ட்ரெங்த் 11. வெயிட் கட்டில் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார்கள், ஸ்ட்ரெங்த் 8, ஜஸ்டிஸ் 11. குரோலியின் தோத் கட்டோ மறுபடி பழைய எண்ணுக்கே போய்விட்டது, அந்த இரண்டு கார்டின் பெயரையும் மாற்றிக்கொண்டது. புத்தகம் ஒரு கட்டுக்கு எழுதியது, நீங்கள் வாங்கியது இன்னொன்று. கார்டில் அச்சாகியிருப்பதையே எடுத்துக்கொண்டு புத்தகத்தில் பென்சிலால் திருத்திவிடுங்கள். இரண்டையும் கலந்து பார்த்து "எது ஆழமாக இருக்கிறதோ அது" என்று தேர்ந்தெடுப்பவர்களுக்கு என்னால் உதவ முடியாது.

மார்சேய் கட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதில் 4 என்பதற்கு நான்கு கோடு, 9 என்பதற்கு 'வி'யும் நான்கு கோடும் இருக்கும். அச்சுப் பிழை இல்லை, அந்தக் காலத்து எழுத்து முறை. ஃபூலுக்கு அதில் எண்ணே கிடையாது, வெயிட் கட்டில் 0.

*இதெல்லாம் இல்லையென்றால்* கட்டே போலியாக இருக்கலாம். நான் ஒரு தடவை மலிவாகக் கிடைக்கிறது என்று ஆன்லைனில் வாங்கினேன். வந்த கட்டு உள்ளங்கையில் அடங்குகிறது, புத்தகத்துக்குப் பதில் ஒரு க்யூஆர் கோடு, சிக்ஸ் ஆஃப் கப்ஸ் இரண்டு, சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் இல்லவே இல்லை. வந்த அன்றே தரையில் பரப்பி எண்ணிவிடுங்கள்: மேஜர் 22, நான்கு வகையிலும் பதினான்கு பதினான்காக 56, ஆக 78. குறைந்தால் திருப்பி அனுப்புங்கள். காணாமல் போன கார்டுக்குப் பதிலாகக் காகிதத்தில் எழுதி வைப்பது வேலைக்கு ஆகாது, கலைக்கும்போது விரலுக்கே அது எதுவென்று தெரிந்துவிடும்.

அறிகுறி: ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது

இதுதான் அதிகம் வரும் புகார், "பிரபஞ்சம் ஏதோ சொல்லுது அக்கா" என்ற வரியோடு.

*அந்த எண் 1 என்றால்:* பிரபஞ்சம் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் கூட்டல் சொல்கிறது. கட்டில் எண்ணுள்ள கார்டுகள் 40 மைனர், 22 மேஜர், ஆக 62. எல்லாவற்றையும் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை எண்ணாகச் சுருக்கினால் ஏஸ் நான்கும், பத்து நான்கும், மெஜிஷியன், வீல் ஆஃப் ஃபார்ச்சூன், சன் மூன்றும் 1-இல் வந்து விழும். மொத்தம் 11 கார்டு. 2-க்கும் 3-க்கும் ஏழு ஏழு, 4 முதல் 9 வரை ஆறு ஆறு, ஃபூலின் 0 தனி. கட்டே 1 பக்கம் சாய்ந்திருக்கிறது, அப்புறம் வராமல் என்ன செய்யும்? மைனரில் பத்தைச் சுருக்காமல் பத்தாகவே விடுங்கள். முதுகில் பத்து வாள் குத்திக் கிடக்கிற ஆளை "1, புது ஆரம்பம்" என்று வாசிப்பது அவருக்கே அடுக்காது.

*வேறு எண் என்றால்:* எத்தனை கார்டில் வந்தது என்று பாருங்கள். மூன்று கார்டு எடுத்தால் அதில் இரண்டு ஒரே எண்ணாக அமைவது சும்மாவே ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை நடக்கும். மூன்றும் ஒரே எண் என்பது இருநூறு தடவைக்கு ஒன்று வாக்கில், அதைக் கவனியுங்கள். பத்துக் கார்டு பரப்பிப் பார்க்கும் கெல்டிக் கிராஸ் முறையில் ஜோடி என்பது பேச்சே இல்லை, மூன்று ஒன்றாக வருவதுகூடச் சாதாரணம். நான்கு வந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

*4, 5, 6 என்று ஒரே வகையில் வரிசையாக வந்தால்:* கலைக்கவில்லை என்று அர்த்தம். புதுக் கட்டு வரிசையாகத்தான் வரும். கையில் பிடித்துக்கொண்டு நாலைந்து கார்டாக மேலிருந்து கீழே தள்ளுகிற கலைப்பு பார்க்க அழகு, ஆனால் கொத்துக் கொத்தாக அப்படியே இருக்கும். 52 சீட்டுக் கட்டையே இரண்டாகப் பிரித்துச் சரசரவென்று கோத்துவிடும் முறையில் ஏழு தடவை கலைக்க வேண்டும் என்று 1992-இல் பேயர், டயகோனிஸ் என்ற இரண்டு கணித வல்லுநர்கள் காட்டினார்கள். நம்முடையது 78, கார்டும் பெரிசு. பாயில் கொட்டி இரண்டு கையாலும் துழாவிக் கலைப்பதுதான் நான் சொல்வது, யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். சென்னைப் புழுக்கத்தில் கார்டு இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும், அதையும் பிரித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் அதே எண் அதே ஆளுக்கு மட்டும் வருகிறது என்றால், வேறு எண்கள் வந்த நாட்களை அவர் எழுதி வைக்கவில்லை. ஒரு மாதம் தினமும் ஒரு கார்டு எடுத்து எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

அறிகுறி: 8 வந்தால் கை நடுங்குகிறது

நம்மூர்க் கோளாறு. ஒரு பெண் தையல் கடை போடலாமா என்று கேட்டு ஒரு கார்டு எடுத்தார். எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ். எண்ணைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "எட்டு வந்திருக்கே அக்கா, சனியாச்சே, வேணாமோ?" கார்டில் என்ன இருக்கிறது? பெஞ்சில் உட்கார்ந்து ஒருவன் உளியும் சுத்தியலுமாக ஒரு வட்டைச் செதுக்குகிறான், முடித்தவை பக்கத்துத் தூணில் வரிசையாகத் தொங்குகின்றன. தலை நிமிராமல் வேலை. தையல் கடைக்கு இதைவிடப் பொருத்தமான படத்தை 78-இல் தேடினாலும் கிடைக்காது.

காரணம் ஒன்றுதான், இரண்டு அட்டவணையைக் கலப்பது. 1 சூரியன், 2 சந்திரன், 3 குரு, 4 ராகு, 5 புதன், 6 சுக்கிரன், 7 கேது, 8 சனி, 9 செவ்வாய் என்று நமக்கு மனப்பாடமாக இருப்பது எண் ஜோதிடத்தின் அட்டவணை. சீரோ என்ற மேல்நாட்டு எண் ஜோதிடரின் புத்தகங்களில் 4-க்கு யுரேனஸ், 7-க்கு நெப்டியூன், நம் ஆட்கள் அங்கே ராகு கேதுவை உட்கார வைத்தார்கள். டாரட் மைனர் கார்டுகளின் எண்ணுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது யூத மறைஞானமான கபாலாவில் வரும் மரத்தின் பத்துப் படியைப் பிடித்துக்கொண்டு போகிறது, அந்தக் கணக்கில் கரடுமுரடான எண் 5.

நம்பாவிட்டால் நான்கு ஐந்துகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கம்பு வைத்துச் சண்டை போடும் ஐந்து பேர், கொட்டிக் கிடக்கும் கோப்பைகளைப் பார்த்துக் குனிந்து நிற்கிற ஆள், வாளைப் பறிகொடுத்துவிட்டுத் தள்ளிப் போகிற இரண்டு பேர், விளக்கெரியும் தேவாலய ஜன்னலுக்குக் கீழே பனியில் நடக்கிற ஏழைகள். நம்மூரில் பெயர் எண் 5 வரவேண்டும் என்று ஓர் எழுத்து கூட்டி எழுதுகிறோம். ஆக நம் அட்டவணையைக் கார்டு மேல் போட்டால், பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, யோசிக்க வேண்டிய இடத்தில் "புதன், சூப்பர்" என்று சிரித்துக்கொண்டிருப்போம்.

சரி செய்ய: கிரக அட்டவணை வேண்டுமென்றால் பிறந்த தேதிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கார்டுக்கு வேண்டாம். ஸ்ட்ரெங்த் கார்டில் பெண் தலைக்கு மேல் படுத்த எட்டு போல ஒன்று மிதக்கும், அதைப் பார்த்தும் சிலர் பயப்படுகிறார்கள். அது முடிவிலிக் குறி, மெஜிஷியன் தலைக்கு மேலும் இருக்கிறது. 13-க்கும் இதே மருந்துதான்.

அறிகுறி: எண் ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது

"மூன்று என்றால் வளர்ச்சி, கூடிச் செய்வது என்று படித்தேன், ஆனால் த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸில் இதயத்தை மூன்று வாள் குத்தியிருக்கிறது, மழை வேறு." இது கோளாறே இல்லை, வரிசை மாறியிருக்கிறது. முதலில் படம், பிறகு வகை, மூன்றாவதுதான் எண். எண் எந்தக் கட்டம் என்று சொல்லும், வகை எந்த இடத்தில் என்று சொல்லும். மூன்று என்றால் இருவருக்குள் இருந்தது வெளியே வந்து உருவம் எடுப்பது. கப்ஸில் மூன்று பெண்கள் கோப்பையைத் தூக்கிக் கொண்டாடுகிறார்கள், ஸ்வார்ட்ஸில் உள்ளுக்குள் கிடந்த பேச்சு வாயிலிருந்து வந்து குத்திவிடுகிறது. கட்டம் ஒன்று, இடம் வேறு.

அப்படியும் பொருந்தவில்லை என்றால் எண்ணை விட்டுவிடுங்கள். உண்மையாகச் சொல்கிறேன், விட்டுவிடலாம், யாரும் மார்க் போடப் போவதில்லை.

ஆனால் மேஜரில் எண்ணை விடாதீர்கள், அங்கேதான் அது சம்பாதித்துக் கொடுக்கும். 15 டெவில், 1+5 என்று சுருக்கினால் 6, லவ்வர்ஸ். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லவ்வர்ஸில் பெண்ணுக்குப் பின்னால் பழ மரம், ஆணுக்குப் பின்னால் இலைக்குப் பதில் தீ எரியும் மரம், மேலே தேவதை. டெவிலில் அதே இருவர், தேவதை இருந்த இடத்தில் சாத்தான், பெண்ணின் வால் நுனியில் திராட்சை, ஆணின் வால் நுனியில் தீ. மரத்தில் இருந்தது வாலுக்கு இறங்கி வந்துவிட்டது! கழுத்துச் சங்கிலி வேறு தொளதொளவென்று தொங்குகிறது, தலைவழியே கழற்றிவிடலாம். இதை முதல் தடவை கவனித்த இரவு நான் தூங்கவே இல்லை. டெவில் வந்து யாராவது கலங்கினால் லவ்வர்ஸை எடுத்து அருகில் வைத்து "இதுதான் அதுவாகியிருக்கிறது, எப்போது?" என்று கேளுங்கள். 16 டவருக்கு 7 சாரியட், 18 மூனுக்கு 9 ஹெர்மிட் என்று மற்ற ஜோடிகளையும் இப்படியே வைத்துப் பார்க்கலாம், ஆனால் 6–15 அளவுக்கு வேறெதுவும் பேசாது என்பது என் அபிப்பிராயம்.

அறிகுறி: கூட்டுத்தொகை ஆளுக்கு ஆள் மாறுகிறது

*மொத்த ரீடிங்கைக் கூட்டும்போது.* ஹெர்மிட், செவன் ஆஃப் கப்ஸ், குவீன் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்தது. ராணிக்கு எண் இல்லை என்று ஒருவர் 9+7 கூட்டி 16, இடி விழும் டவர், ஐயோ என்றார். இன்னொருவர் பேஜ் 11, நைட் 12, குவீன் 13, கிங் 14 என்று வைத்து 9+7+13 கூட்டி 29, அதைச் சுருக்கி 11, ஜஸ்டிஸ் என்றார். ஒரே மூன்று கார்டு, ஒருவருக்கு இடி, ஒருவருக்கு நியாயம். கார்டு விழுந்த பிறகு விதியைத் தேர்ந்தெடுத்தால் நமக்குப் பிடித்த பதில்தான் வரும். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்: கோர்ட் கார்டுக்கு (பேஜ் முதல் கிங் வரை அந்த நால்வர்) எண் உண்டா, ஃபூல் 0-வா 22-ஆ, தலைகீழ் கார்டைக் கழிப்போமா. நான் கோர்ட் கார்டைச் சேர்ப்பதில்லை, அவர்கள் ஆட்கள், கட்டங்கள் இல்லை. தோத் கட்டில் அந்த நால்வரின் பதவி வரிசையே வேறு, 11, 12 என்று போடவே முடியாது. உங்களுக்கு வேறு மாதிரி வேண்டுமென்றால் சரி, ஆனால் மாற்றாதீர்கள்.

*பிறந்த தேதிக் கார்டு மாறினால்.* 5-6-1979 என்று வைத்துக்கொள்வோம். முழு எண்ணாகக் கூட்டினால் 5+6+1979 = 1990, அதன் இலக்கங்களைக் கூட்டினால் 19, சன். இலக்கம் இலக்கமாகக் கூட்டினால் 5+6+1+9+7+9 = 37, அது 10, வீல் ஆஃப் ஃபார்ச்சூன். இரண்டும் கடைசியில் 1-இல் முடியும், நடுவில் நிற்கிற கார்டுதான் மாறுகிறது. இரண்டு முறையும் புழக்கத்தில் இருக்கின்றன, நான் முதலாவது. ஒரு செயலி ஒன்று சொல்லி இன்னொன்று வேறு சொன்னால் காரணம் இதுதான், சண்டை போட வேண்டாம்.

*பெயர் எண் மாறினால்.* இங்கே கொஞ்சம் நிதானம், ஏனென்றால் இதில்தான் காசு போகும். கவிதா என்ற பெயரை ஆங்கிலத்தில் 'எச்' போட்டு எழுதிப் பாருங்கள். எழுத்துக்கு ஓர் எண் கொடுத்துக் கூட்டும், நம்மூரில் பழகிய சால்டியன் முறையில் 20, மேஜரில் ஜட்ஜ்மென்ட். எழுத்துக்கு வேறு எண் கொடுக்கும் பித்தகோரியன் முறையில் 27, சுருக்கினால் 9, ஹெர்மிட். 'எச்'சை எடுத்துவிட்டால் சால்டியனில் 15, டெவில்! ஓர் எழுத்தில் தேவ தூதன் போய்ச் சாத்தான் வந்துவிட்டான், கவிதா மட்டும் அதே கவிதா. எந்த முறை என்று ஒன்றை முடிவு செய்யுங்கள், எழுத்து ஆதார் அட்டையில் இருப்பதா கையெழுத்தில் இருப்பதா என்பதையும். இந்தக் கார்டை நம்பிப் பெயரை மாற்றப் புறப்பட்டால் கெஜட், பான், பாஸ்போர்ட், வங்கி என்று வரிசையாக அலைய வேண்டும். அந்த அலைச்சலைப் பற்றி ஒரு வக்கீலிடம் முதலில் கேளுங்கள், நியூமராலஜிஸ்டிடம் அப்புறம் போகலாம்.

அறிகுறி: 'எட்டு நாளில் நடக்கும்' என்றேன், நடக்கவில்லை

எட்டு நாளா, வாரமா, மாதமா என்று கார்டு எடுப்பதற்கு முன்னால் முடிவு செய்தீர்களா? இல்லையென்றால் அதுதான் கோளாறு. முடிவு செய்தும் நடக்கவில்லையா? எனக்கும் நடந்ததில்லை. எண்ணை வைத்துத் தேதி சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். ஏஸ் என்றால் ஆரம்பத்தில் நிற்கிறது, ஒன்பது என்றால் முடியப் போகிறது, அவ்வளவு மட்டும் சொல்வேன்.

எப்போது இன்னொருவரிடம் போக வேண்டும்

கணக்கு சரி, கட்டு சரி, விதியும் எழுதியாயிற்று, ஆனாலும் ரீடிங் ஓடவில்லை என்றால் நீண்ட நாள் பழகிய ஒருவரிடம் உங்கள் நோட்டை, கவனியுங்கள், நோட்டை, காட்டுங்கள். பத்து ரீடிங்கைப் பார்த்தாலே எங்கே இழுத்துக்கட்டுகிறீர்கள் என்று சொல்லிவிடுவார். பரிகாரம், விசேஷக் கட்டு, அதற்கு இவ்வளவு என்று அவர் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரே கேள்வியை ஒரு நாளில் நான்கு தடவை கேட்பது, எண்ணைப் பார்த்துவிட்டு வெளியே போகப் பயப்படுவது, ராத்திரி தூக்கம் போவது, இவை கார்டுக் கோளாறு இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். கடன், வழக்கு என்றால் வக்கீல். உடம்பு என்றால் டாக்டர். போன மாதம் ஒருவர் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, நைன் ஆஃப் ஸ்வார்ட்ஸைச் சுருக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். கார்டுகளைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, அந்த ரிப்போர்ட்டை இன்னும் டாக்டரிடம் காட்டவில்லை என்று தெரிந்துகொண்டு, கீழே போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.